பதனமும் பாதுகாப்பும்: மனித உயிரணுக்களை உறையவைத்துச் சேமித்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவப் பயன்பாட்டிற்காக மனித உயிரணுக்களை உறைநிலையில் சேமிக்கும் முறை, 1949ஆம் ஆண்டு இலண்டனில் கிளிசராலின் காக்கும் தன்மை வெளியிடப்பட்டதையொட்டி வளர்ந்தது. இவ்வரலாறு பெரும்பாலும் காப்பு வேதிப்பொருள்களின் வெற்றி வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உயிரணுவைக் கெடாமல் வைத்தலும் அவ்வுயிரணுவைப் பெறும் நோயாளிக்குத் தீங்கு நேராமல் காத்தலும் வெவ்வேறு நோக்கங்கள் என்பதையும், முன்னதில் கிடைத்த முன்னேற்றங்கள் பின்னதில் விலை கேட்டன என்பதையும் சிவப்பணு, எலும்பு மஜ்ஜை, கரு, தொப்புள்கொடி இரத்தம் ஆகியவற்றின் சேமிப்பு வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உறைபதனம், கிளிசரால், டைமெத்தில் சல்ஃபாக்சைடு, திரவ நைட்ரசன், குருத்தணு, தொப்புள்கொடி இரத்தம், அறிவியல் வரலாறு

முன்னுரை

தமிழில் ‘பாதுகாத்தல்’ என்னும் சொல் இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. மாங்காயை உப்பிட்டுக் கெடாமல் வைப்பதும் பாதுகாத்தலே. பிள்ளையை விபத்திலிருந்து காப்பதும் பாதுகாத்தலே. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அன்றாட வழக்கில் இந்த இருபொருள் இடர் தருவதில்லை. ஆயின் உயிரணுக்களை உறையவைத்துச் சேமிக்கும் துறையைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர்க்கு இது ஓர் இடறுகல். ‘பாதுகாக்கப்பட்ட உயிரணு’ என்று எழுதினால், அது கெடாமலிருக்கிறது என்று பொருளா, அதனை நோயாளிக்குச் செலுத்துவதால் தீங்கில்லை என்று பொருளா என்பது தெளிவாவதில்லை. ஆகவே இக்கட்டுரையில் கெடாமல் வைத்தலைப் ‘பதனம்’ என்றும், தீங்கு நேராமல் காத்தலைப் ‘பாதுகாப்பு’ என்றும் பிரித்து வழங்குகிறேன். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் உறையவைத்துச் சேமித்தலுக்கு ‘உறைபதனம்’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

இது வெறும் கலைச்சொல் நுணுக்கமன்று. இத்துறையின் எழுபதாண்டு வரலாற்றைக் கூர்ந்து நோக்கின், பதனம் சிறந்தபோதெல்லாம் பாதுகாப்பு தானாகச் சிறந்துவிடவில்லை என்பது புலனாகும். பல தருணங்களில் ஒன்றைப் பெற மற்றொன்றில் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

பெயர்ச்சீட்டு மாறிய புட்டி

குளிரில் உயிர் தரித்திருக்குமா என்ற வினா பழையது. இத்தாலிய அறிஞர் ஸ்பல்லான்சானி 1776ஆம் ஆண்டிலேயே பனியில் குளிர்வித்த விந்தணுக்களின் அசைவை நோக்கிக் குறித்துள்ளார். 1866இல் அதே நாட்டைச் சேர்ந்த மான்டெகாசா, போருக்குச் செல்லும் வீரனின் விந்தை உறையவைத்து வைத்தால் அவன் இறந்த பின்னும் மகப்பேறு இயலும் என்று எழுதினார். கத்தோலிக்கக் குருவும் உயிரியலாளருமான பாசில் லூயே 1940இல் வெளியிட்ட நூல், தாழ்வெப்பநிலையில் உயிரும் சாவும் என்ற பொருளை ஒரு தனித்துறையாக நிறுவியது. ஆனால் உறைந்து உருகிய உயிரணுவை மருத்துவத்திற்குப் பயன்படும் அளவில் மீட்கும் வழி அப்போது கிட்டவில்லை.

வழி கிட்டிய இடம் இலண்டனின் மில் ஹில் பகுதியிலிருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனம். கிறிஸ்டோஃபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் அங்கே சேவலின் விந்தணுக்களைப் பழச்சர்க்கரைக் கரைசலில் உறையவைக்க முயன்று தோற்றனர். சில மாதங்கள் கழித்து, குளிர் அறையில் கிடந்த பழைய கரைசலைக் கொண்டு மீண்டும் முயன்றபோது விந்தணுக்கள் உருகியபின் அசைந்தன. புதிதாகச் செய்த சர்க்கரைக் கரைசலோ பயன் தரவில்லை. எஞ்சியிருந்த சில மில்லிலிட்டரை வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்பியபோது அதில் சர்க்கரையே இல்லை. கிளிசராலும் நீரும் புரதமும் இருந்தன. நுண்ணோக்கிச் சில்லில் திசுச் சீவல்களை ஒட்டவைக்கப் பயன்படும் முட்டை வெண்புரதக் கரைசலின் புட்டியோடு பெயர்ச்சீட்டு மாறிப்போயிருந்தது. 1949ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த இவர்களது குறுங்கட்டுரையே உறைபதனத் துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

இந்நிகழ்ச்சி பாடநூல்களில் நற்பேற்றுக்குச் சான்றாகச் சொல்லிச் சொல்லிப் பளபளப்பேறிவிட்டது. வரலாற்று நோக்கில் இரண்டு திருத்தங்கள் தேவை. முதலாவது, கிளிசரால் முற்றிலும் எதிர்பாராத பொருளன்று. சோவியத்து நாட்டின் பெர்ன்ஸ்டைன், பெட்ரோபாவ்லோவ்ஸ்கி இருவரும் 1937இலும், பிரெஞ்சு உயிரியலாளர் ழான் ரோஸ்தான் 1946இலும் விந்தணுக்கள் குளிரைத் தாங்கக் கிளிசரால் உதவுவதை எழுதியிருந்தனர். இரண்டாவது, புட்டி மாறியது தற்செயல். மாறிய புட்டியைக் கழுவி ஊற்றிவிடாமல் பகுப்பாய்வுக்கு அனுப்பியது தற்செயலன்று. ஒரு கொள்கலத்தின் மேல் எழுதியிருப்பதும் அதனுள் இருப்பதும் ஒன்றுதானா என்னும் ஐயம் இத்துறையோடு உடன்பிறந்தது. பிற்காலத்தில் அந்த ஐயத்தைக் கைவிட்ட இடங்களிலேயே இத்துறை சறுக்கியது.

கழுவி நீக்க வேண்டிய காப்புப்பொருள்

ஆட்ரி ஸ்மித் 1950இல் கிளிசராலைக் கொண்டு சிவப்பணுக்களைச் சிதையாமல் உறையவைத்தார். அடுத்த ஆண்டிலேயே மாலிசன், ஸ்லோவிட்டர் இருவரும் உறைந்து உருகிய மனிதச் சிவப்பணுக்களை மனிதர்க்குச் செலுத்தி அவை குருதியோட்டத்தில் தங்குவதைக் காட்டினர். 1953இல் அமெரிக்காவின் அயோவாவில் பஞ்ச், ஷெர்மன் ஆகியோர் உறைந்த மனித விந்தணுக்களால் கருவுறுதல் இயலும் என்று நிறுவினர். நான்கே ஆண்டுகளில் சேவலிலிருந்து மனிதருக்கு வந்துவிட்ட வேகம் வியப்புக்குரியது.

சிவப்பணுவில்தான் பதனமும் பாதுகாப்பும் முதன்முதலாகப் பிரிந்தன. மெதுவாகக் குளிர்விக்கும் முறையில் சிவப்பணுவைக் காக்க ஏறத்தாழ 40 விழுக்காடு கிளிசரால் வேண்டும். அந்த அளவு கிளிசராலை உள்ளே வைத்துக்கொண்டே அணுக்களை நோயாளிக்குச் செலுத்த முடியாது. குருதி நீர்மத்தைத் தொட்டவுடன் நீர் வெள்ளம்போல் உட்புகுந்து அணுக்கள் வெடித்துவிடும். எனவே படிப்படியாகச் செறிவு குறையும் உப்புக்கரைசல்களால் கழுவவேண்டும். அமெரிக்கக் கடற்படை இம்முறையைப் பேரளவில் வளர்த்தெடுத்து, 1960களின் பிற்பகுதியில் வியட்நாம் போரில் காயமுற்றோர்க்கு உறைந்த குருதியைப் பயன்படுத்தியது.

கழுவுதல் என்றால் பையைத் திறத்தல். திறந்த பையில் நுண்ணுயிர் நுழையலாம். ஆகவே −65 பாகை செல்சியசுக்குக் கீழே பத்தாண்டுகள் வைக்கத்தக்க குருதி, உருக்கிக் கழுவிய பின் 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தப்பட வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. பத்தாண்டுப் பதனம் ஒரு நாளில் முடிந்துவிடும். இந்த 24 மணி நேரத்திற்கும் பனிப்படிகத்திற்கும் தொடர்பில்லை. அது ஒரு குழாய் இணைப்பின் தூய்மையைப் பற்றிய அச்சத்தின் அளவு. பின்னாளில் பையைத் திறக்காமலேயே கழுவும் மூடிய அமைப்புடைய பொறிகள் வந்தபோது அக்கால எல்லை 14 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. இடையில் புதிய காப்பு வேதிப்பொருள் எதுவும் கண்டறியப்படவில்லை. மாறியது இணைப்பு மட்டுமே.

சாதாரணக் குளிர்பெட்டியில் 42 நாள்கள் வரை குருதியை வைக்கும் கரைசல்கள் வந்தபின் உறைந்த சிவப்பணு அரிய வகைக் குருதிக்கென ஒதுங்கிவிட்டது. பெண்டே குழுவினர் 1952இல் பம்பாயில் கண்டறிந்து வெளியிட்ட ‘பம்பாய்’ வகை அவற்றுள் ஒன்று. அவ்வகையினர்க்கு உறைந்த ஒரு பை வேறு எதனாலும் ஈடுசெய்ய இயலாதது.

இருவழிச் சாவு

உறைதல் ஏன் கொல்கிறது? பனிப்படிகத்தின் கூர்முனைகள் உயிரணுவைக் குத்திக் கிழிக்கின்றன என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம். மில் ஹில்லில் பணியாற்றிய ஜேம்ஸ் லவ்லாக், பிற்காலத்தில் ‘கையா’ கோட்பாட்டால் உலகறிந்தவர், 1953இல் இதனை மறுத்தார். நீர் பனியாகப் பிரியும்போது எஞ்சிய நீரில் உப்பின் செறிவு ஏறுகிறது. அவ்வுப்பே சிவப்பணுவின் சவ்வைச் சிதைக்கிறது. கிளிசரால் அந்தச் செறிவேற்றத்தைத் தணிக்கிறது என்று அவர் காட்டினார்.

இவ்விரு கருத்துகளையும் ஒன்றிணைத்தவர் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர் மேசர். 1963இல் உயிரணுவிலிருந்து நீர் வெளியேறும் வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டிய அவர், 1972இல் லைபோ, சூ ஆகியோருடன் இருகாரணிக் கருதுகோளை வெளியிட்டார். மிக மெதுவாகக் குளிர்வித்தால் உயிரணு செறிந்த உப்புநீரில் நீண்டநேரம் கிடந்து சுருங்கிச் சாகிறது. மிக விரைவாகக் குளிர்வித்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே பனியாகிச் சாகிறது. இவ்விரண்டிற்கும் இடையே ஒவ்வொரு வகை உயிரணுவுக்கும் தனக்குரிய வேகம் ஒன்றுண்டு. குருதியாக்கக் குருத்தணுவுக்கு அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 பாகை. நீரை எளிதில் வெளியேற்றும் சிவப்பணுவோ அதனினும் பன்மடங்கு வேகத்தைத் தாங்கும். பருமனுக்கு ஏற்ற மேற்பரப்பு இல்லாத கருவுக்கு இன்னும் மெதுவான குளிர்விப்பு வேண்டும். எல்லாவற்றிற்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை என்பதற்கான விளக்கம் இதனால் கிட்டியது. இத்துறையின் தலைசிறந்த சிந்தனை இதுவே என்பது என் துணிபு. அதே 1972இல் விட்டிங்காமுடன் சேர்ந்து இக்கணக்கைக் கொண்டே சுண்டெலிக் கருக்களை −196 பாகைக்குக் குளிர்வித்து உயிருள்ள குட்டிகளைப் பெற்றனர்.

நஞ்சாகும் மருந்து

கிளிசரால் எளிதில் நுழையாத உயிரணுக்களுக்கு மாற்றுப்பொருள் தேடிய லவ்லாக்கும் பிஷப்பும் 1959இல் டைமெத்தில் சல்ஃபாக்சைடைக் கண்டடைந்தனர். 19ஆம் நூற்றாண்டிலேயே உருசிய வேதியியலாளர் சைட்செவ் ஆக்கியிருந்த பொருள் அது. காகிதக் கூழ்த் தொழிலின் துணைவிளைவாக மலிவாகக் கிடைத்தது. சவ்வுகளை எளிதில் ஊடுருவும் அதன் இயல்பே அதன் சிறப்பு. எலும்பு மஜ்ஜையைக் கிளிசராலில் உறையவைக்கலாம் என்பதை ஹார்வெல்லில் பார்ன்ஸ், லூட்டிட் இருவரும் 1955இலேயே சுண்டெலிகளில் காட்டியிருந்தனர். எனினும் மனித மஜ்ஜையைப் பொறுத்தவரை கிளிசராலின் இடத்தை டைமெத்தில் சல்ஃபாக்சைடே பிடித்துக்கொண்டது. 10 விழுக்காட்டுக் கரைசல், நிமிடத்திற்கு 1 பாகைக் குளிர்விப்பு, திரவ நைட்ரசனில் சேமிப்பு, 37 பாகை நீர்த்தொட்டியில் விரைந்த உருக்கம் என்னும் நடைமுறை இன்றுவரை பெரும்பாலான மருத்துவமனைகளில் மாறவில்லை.

இங்கும் விலை உண்டு. தோலின்வழி ஊடுருவும் தன்மைக்காக இப்பொருளை மருந்தாக்க முயன்றபோது, விலங்குகளின் கண்வில்லையில் மாற்றங்கள் தென்பட்டமையால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1965இல் மருத்துவச் சோதனைகளை நிறுத்தியது. ஆனால் மஜ்ஜையோடு சேர்ந்து நரம்புவழி உடலுக்குள் சென்ற அதே பொருள், உயிரணுவின் துணைப்பொருளாக மட்டுமே கருதப்பட்டது. மருந்து என்ற பெயரில் வந்தால் ஆய்வு. துணைப்பொருள் என்ற பெயரில் வந்தால் அமைதி. குருத்தணு செலுத்தப்பட்ட நோயாளியின் மூச்சிலும் தோலிலும் பூண்டு போன்ற வாடை வீசுவதைச் செவிலியர் நன்கறிவர்; உடல் இப்பொருளை டைமெத்தில் சல்ஃபைடாக மாற்றி வெளியேற்றுவதன் அடையாளம் அது. குமட்டல், வாந்தி, குருதியழுத்தச் சரிவு, இதயத்துடிப்பு குன்றல், அரிதாக வலிப்பு ஆகியவையும் பதிவாகியுள்ளன. நாளொன்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1 கிராம் என்ற உச்சவரம்பு பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

1987இல் பேட்ரிக் ஸ்டிஃப் குழுவினர் இப்பொருளின் அளவை 5 விழுக்காடாகக் குறைத்து, ஹைட்ராக்சிஎத்தில் மாவுப்பொருளைத் துணைசேர்த்து, விலையுயர்ந்த கட்டுப்பாட்டுக் குளிர்விப்புப் பொறியின்றிச் சாதாரண −80 பாகை உறைபெட்டியிலேயே மஜ்ஜையைச் சேமித்தனர். வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கு இது நற்செய்தி. ஆனால் பிற்காலத்தில் அந்த மாவுப்பொருளே, குருதி நீர்மத்திற்கு மாற்றாகப் பேரளவில் செலுத்தப்பட்டபோது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்ற காரணத்தால் ஐரோப்பாவில் கட்டுப்பாட்டுக்கு உள்ளானது. உறைபதனத்தில் சேரும் அளவு சிறிதே. எனினும் தீங்கற்றது என்று கருதித் துணைக்கு அழைத்த பொருளும் தனக்கென ஒரு கணக்கைத் திறந்துவிட்டது.

கல்கத்தா, 1978

மனிதக் கருவின் உறைபதன வரலாற்றை ஆஸ்திரேலியாவின் டிரௌன்சன், மோர் ஆகியோர் 1983இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கம். எட்டணுக் கருவை உறையவைத்து உருக்கிக் கருவுறுதல் பெற்றதாக அறிவித்த கட்டுரை அது. ஆனால் ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1978 அக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே கருவாக்கி, டைமெத்தில் சல்ஃபாக்சைடில் 53 நாள்கள் உறைநிலையில் வைத்திருந்த எட்டணுக் கருவிலிருந்து பிறந்த குழந்தை என்று மருத்துவர் சுபாஷ் முகர்ஜி அறிவித்தார். உறைபதன வல்லுநர் சுனித் முகர்ஜியும் மகப்பேற்று மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் அவருடன் பணியாற்றினர். இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து 70 நாள்களே ஆகியிருந்தன.

கருவை உறையவைத்ததற்கு முகர்ஜி கூறிய காரணமே கருதத்தக்கது. கருமுட்டை பெறுவதற்காக இயக்குநீர் கொடுத்துத் தூண்டப்பட்ட சுழற்சியில் கருப்பை அகப்படலம் கருவை ஏற்க உகந்ததாக இராது. ஆகவே கருவை நிறுத்திவைத்து, இயல்பான பிறிதொரு சுழற்சியில் வைப்பது நலம் என்பது அவர் கருத்து. இன்று உலகெங்கும் மகப்பேற்று மையங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் முறை இதுவே. உறைபதனத்தைச் சேமிப்புக்கான வழியாக மட்டுமின்றி, தாயின் உடலுக்கு ஏற்ற நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் வழியாகவும் அவர் கண்டார்.

மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. அயல்நாட்டுக் கருத்தரங்கிற்குச் செல்ல இசைவு மறுக்கப்பட்டது. கண்மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு இடமாற்றம் செய்யப்பட்ட அவர், 1981 ஜூன் 19ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் இந்திரா ஹிந்துஜாவுடன் சேர்ந்து சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கிய டி.சி. ஆனந்த் குமார், நாட்டின் முதல்வர் என்ற புகழுக்கு உரியவராயிருந்தும், 1997இல் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளை ஆராய்ந்து அப்புகழ் முகர்ஜிக்கே உரியது என்று ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2002இல் இதனை ஏற்றது.

முகர்ஜியின் வரலாற்றை அரசின் கொடுமை, மேதையின் அவலம் என்ற இரு சொற்களுக்குள் அடக்கிவிடுவது எளிது. தபன் சின்கா 1990இல் எடுத்த திரைப்படமும் அந்த உணர்வையே நம்முள் பதித்தது. அக்குழுவின் போக்கு நியாயப்படுத்தத்தக்கதன்று. எனினும் ஆய்வாளர் கருதவேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. கருவின் உறைபதனம் பற்றிய அவரது சுருக்கமான அறிக்கை 1978இல் வெளிவந்தது மருத்துவ இதழில் அன்று. தாழ்வெப்பநிலைப் பொறியியல் சார்ந்த இந்திய இதழொன்றில். மகப்பேற்று மருத்துவர் எவரும் புரட்டிப் பார்க்காத இதழ் அது. பிற நாட்டார் மீண்டும் செய்து பார்க்கத்தக்க விரிவான செய்முறைப் பதிவு வெளியாவதற்குள் வாய்ப்புகள் அடைக்கப்பட்டுவிட்டன. கரு உறைநிலையில் கெடாமல் இருந்தது. அதைப் பற்றிய பதிவு இருபதாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

தொட்டிக்குள் வந்த நோய்

திரவ நைட்ரசனின் −196 பாகைக் குளிரில் வேதிவினைகள் நின்றுவிடுகின்றன. நூற்றாண்டுகள் வைத்தாலும் உயிரணு மூப்படையாது என்று பாடநூல்கள் கூறும். அங்கே உயிரணு மூப்படையாது என்றால் வைரசும் மூப்படையாது என்பது அதன் மறுபக்கம். அம்மறுபக்கத்தை இத்துறை உணர்ந்தது 1995இல்.

அவ்வாண்டு டெட்டர் குழுவினர் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, இலண்டனில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுவந்த நோயாளிகள் சிலருக்குக் கடுமையான கல்லீரல் அழற்சி பி நோய் தோன்றியதை ஆராய்ந்தது. அவர்களிடம் காணப்பட்ட வைரசுகள் மரபுவரிசையில் மிக நெருங்கியவை. இவர்களை இணைத்தது குருதிக் கொடையோ ஊசியோ அன்று. இவர்களுக்குரிய மஜ்ஜைப் பைகள் கிடந்த ஒரே நைட்ரசன் தொட்டி. கசிந்த பை ஒன்றிலிருந்து வைரசு திரவத்தில் பரவி மற்றப் பைகளைச் சென்றடைந்திருந்தது. இப்பைகள் பெரும்பாலும் நோயாளிகள் தமக்கே திரும்பப் பெறுவதற்காகச் சேமித்தவை. தன் உயிரணுவைத் தானே பெறுவதைக் காட்டிலும் பாதுகாப்பானது எதுவுமில்லை என்ற நம்பிக்கை அத்தொட்டியில் உடைந்தது.

காரணம் எளியது. அறை வெப்பத்தில் நெகிழும் பை −196 பாகையில் மண்சட்டிபோல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. நுண்விரிசல்வழி திரவம் உள்ளே புகுகிறது. வெளியே எடுக்கும்போது அத்திரவம் ஏறத்தாழ 700 மடங்கு பருமனுள்ள வளியாக விரிவதால் குப்பிகள் வெடிப்பதும் உண்டு. இதே விரிவு, காற்றோட்டமற்ற அறையில் ஆக்சிசனை வெளித்தள்ளி ஊழியரை மூச்சுத்திணறச் செய்யும் இடரையும் உடையது.

1995க்குப் பின் நடைமுறைகள் மாறின. சேமிக்கும் முன் கொடையாளரின் குருதியை வைரசுக்குச் சோதித்தல், முடிவு வரும்வரை தனித்தொட்டியில் வைத்தல், ஒவ்வொரு பைக்கும் மேலுறை இடுதல், திரவத்தில் மூழ்கவிடாமல் அதன் மேலுள்ள ஆவியில் வைத்தல் ஆகியன பரவின. இவற்றுள் கடைசி நடைமுறை பதனத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையே மீண்டும் ஒரு பேரத்தைத் தோற்றுவித்தது. திரவத்தில் எங்கும் ஒரே வெப்பநிலை. ஆவியிலோ அடியில் கடுங்குளிர், மேலே செல்லச்செல்ல இளக்கம். தூயநீரின் கண்ணாடிநிலை மாற்றம் ஏறத்தாழ −135 பாகையில் நிகழ்வது. அதற்குமேல் சென்றால் பனிப்படிகங்கள் மெல்ல வளரத் தொடங்கும். ஒரு பையை எடுப்பதற்காக அடுக்குச் சட்டத்தை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அதே சட்டத்திலுள்ள அயல்பைகள் சிறிது வெப்பமடைகின்றன. வைரசுக்கு அஞ்சி ஆவிக்குச் சென்றோர், இப்போது வெப்ப ஏற்றத்தைக் கண்காணிக்கவேண்டியவர் ஆயினர்.

கருமுட்டை, கரு ஆகியவற்றிலும் இதே பேரம் வேறுவடிவில் நிகழ்ந்தது. ரால், ஃபாகி இருவரும் 1985இல் பனிப்படிகமே தோன்றாமல் கரைசலைக் கண்ணாடிபோல் இறுகவைக்கும் முறையைச் சுண்டெலிக் கருவில் காட்டினர். இதற்குக் காப்புப்பொருள் மிகுந்த செறிவில் வேண்டும், அல்லது குளிர்விப்பு மிக விரைவாக இருத்தல் வேண்டும். மிக விரைவாகக் குளிர்விக்கக் கருவை நைட்ரசனில் நேரடியாகத் தோய்ப்பதே சிறந்தது. நேரடியாகத் தோய்த்தால் தொற்றுக்கு வழி; மூடிய குழலில் இட்டால் வேகம் குறைவு. மகப்பேற்று மையங்கள் பலவும் வேகத்தைத் தேர்ந்தன. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012இல் கருமுட்டை உறைபதனத்தைச் ‘சோதனைநிலை’ என்ற வகையிலிருந்து விடுவித்தது.

வங்கியும் காவலும்

1988 அக்டோபரில் பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் கிளக்மன், பான்கோனி இரத்தசோகையுற்ற சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் செலுத்தினார். அமெரிக்காவின் இண்டியானாவில் ஹால் பிராக்ஸ்மையரின் ஆய்வகத்தில் உறையவைக்கப்பட்டு அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த இரத்தம் அது. பிராக்ஸ்மையர் பிற்காலத்தில் 15 ஆண்டுகளும், பின்னர் 23 ஆண்டுகளுக்கு மேலும் உறைந்திருந்த மாதிரிகளில் குருத்தணுக்கள் செயலோடிருப்பதைக் காட்டினார். பதனத்தைப் பொறுத்தவரை ஐயம் பெரிதும் நீங்கியது.

அந்த நம்பிக்கையின்மேல் ஒரு வணிகம் எழுந்தது. 2000களில் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் தனியார் தொப்புள்கொடி இரத்த வங்கிகள் தோன்றின. மகப்பேற்றுக்குக் காத்திருக்கும் தம்பதியரிடம் குழந்தையின் எதிர்காலக் காப்புறுதியாக இது விற்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமோ, குழந்தை தனக்கே பயன்படுத்துவதற்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை போதாது என்று தன் வழிகாட்டு நெறிகளில் தெளிவுபடுத்தியுள்ளது. பிறவி மரபுக்குறைபாட்டால் வரும் நோய்க்கு அதே குறைபாடுள்ள அணுக்களைத் திருப்பிச் செலுத்துவதில் பயனில்லை என்பது முதன்மையான காரணம். இங்கே பதனத்தின் தரம் வினாவன்று. கெடாமல் இருக்கும் என்ற உண்மை, பயன்படும் என்ற வாக்குறுதியாக உருமாறியதே வினா.

சேமிப்பு நீள நீளக் காவலும் நீளவேண்டும். 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்சை மூழ்கடித்தபோது, வெள்ளம் சூழ்ந்த மருத்துவமனையிலிருந்து ஏறத்தாழ 1400 உறைந்த கருக்களைக் காவலர்கள் தட்டைப் படகுகளில் மீட்டனர். மின்சாரம் அற்றுப்போன நகரில் அக்கருக்கள் பிழைத்தமைக்குக் காரணம் நைட்ரசன் மின்சாரத்தை நம்பியிராததே. 2018 மார்ச்சு மாதத் தொடக்கத்திலோ புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மையமொன்றில் வாரஇறுதியில் தொட்டியின் வெப்பநிலை உயர்ந்து 4000க்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் அழிந்தன. ஊழியர்க்குத் தொலைவிலிருந்தே செய்தி அனுப்பவேண்டிய எச்சரிக்கை அமைப்பு அணைக்கப்பட்டிருந்தது. அதே வாரஇறுதியில் சான்பிரான்சிஸ்கோ மையமொன்றிலும் தொட்டி பழுதுற்றது. 2021இல் அதுபற்றிய வழக்கில் நடுவர்குழு பொறுப்பின் பெரும்பகுதியைத் தொட்டி செய்த நிறுவனத்தின்மேல் சுமத்தியது. மேசரின் சமன்பாட்டில் பிழையில்லை. டைமெத்தில் சல்ஃபாக்சைடின் செறிவிலும் பிழையில்லை. ஒலிக்கவேண்டிய மணி ஒலிக்கவில்லை.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் கருவைச் சேமிக்கும் காலத்திற்குப் பத்தாண்டு எல்லை வகுத்துள்ளது. அந்த எல்லை உயிரணுவின் ஆயுளைக் கொண்டு வகுக்கப்பட்டதன்று. திரவ நைட்ரசனில் பத்தாண்டுக்கும் இருபதாண்டுக்கும் வேறுபாடு சிறிது. காவலின் ஆயுளுக்கே அது எல்லை.

உறையவைக்காமல்

காப்புப்பொருளின் நஞ்சைக் குறைக்கும் முயற்சிகள் இன்று பலதிசைகளில் நடக்கின்றன. அன்டார்டிகா மீன்களின் குருதியில் பனி வளராமல் தடுக்கும் புரதங்களை ஆர்தர் டிவ்ரீஸ் 1969இல் கண்டறிந்தது அவற்றுக்கெல்லாம் ஊற்று. இங்கிலாந்தின் வார்விக்கில் மேத்யூ கிப்சன் பலபடிச் சேர்மங்களைக் கொண்டும், கனடாவின் ஒட்டாவாவில் ராபர்ட் பென் சர்க்கரை சார்ந்த சிறுமூலக்கூறுகளைக் கொண்டும், உருகும்போது சிறுபடிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாவதைத் தடுக்க முயன்றுள்ளனர். பயன்படுத்தும் வேளையில் உருக்கும் நீர்த்தொட்டியும் நுண்ணுயிர்க்கு உறைவிடமாகும் என்பதால் நீரில்லா உருக்குபொறிகள் வந்துள்ளன. 2020இல் கொரோனா தொற்று விமானப் போக்குவரத்தை முடக்கியபோது, அமெரிக்கத் தேசிய மஜ்ஜைக் கொடைத் திட்டம் உறவினரல்லாதார் கொடையை முன்கூட்டியே உறையவைக்குமாறு பணித்தது. கொடை வந்துசேரும்முன் நோயாளியின் மஜ்ஜையை அழித்துவிடும் இடரைத் தவிர்க்க அதுவே வழியாயிற்று.

நம் நாட்டு மருத்துவமனைகள் சிலவற்றில் வேறொரு வழியும் கையாளப்படுகிறது. பன்மைச் சோற்றுப்புற்றுக்கு மெல்ஃபலான் என்னும் மருந்தை உயரளவில் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். மருந்து உடலைவிட்டு நீங்கியபின் நோயாளியின் குருத்தணுக்களைத் திருப்பிச் செலுத்தலாம். அதுவரை அவ்வணுக்களை உறையவைக்காமல், சாதாரணக் குருதிவங்கிக் குளிர்பெட்டியில் 4 பாகையில் ஓரிரு நாள்கள் வைத்தாலே போதும். டைமெத்தில் சல்ஃபாக்சைடு இல்லை, நைட்ரசன் தொட்டி இல்லை, பூண்டு வாடையும் இல்லை, செலவும் குறைவு. ஆனால் ஒவ்வொரு நாளும் உயிருள்ள அணுக்கள் குறைந்துகொண்டே வரும். நிணநீர்ப் புற்றுக்குக் கொடுக்கப்படும் மருந்துத் தொடர் ஒன்றுக்கு ஆறு நாள்கள் வேண்டும்; அங்கே குளிர்பெட்டி தடுமாறுகிறது, மருத்துவர் மீண்டும் தொட்டியை நாடுகிறார்.